வீட்டு முதலாளி இணைந்துள்ளார்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். சுகம் என்றால் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அப்பாவின் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, என் முழங்கால்தான் கேட்பதில்லை. நீ நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதை நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடிக்கடி பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். இதைப் போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், ஒருத்தி அழுததும் இன்னொருத்தி சரி அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவாள், நம் இருவருக்கும் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. காகிதம் என்றால் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படிக்கலாம். அப்படியே படி. அவசரமில்லை, பயப்படும்படியும் ஒன்றுமில்லை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

விஷயம் நம் வீட்டு நெட் பெட்டியைப் பற்றியது. இதற்கா இவ்வளவு பீடிகை என்று சிரிக்காதே. சின்னவன் அந்த ரவுட்டரை வாங்கி வந்து மாட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும், நீ லீவில் வந்திருந்தாய். போனில் அதற்கான ஆப்பைப் போட்டால் போதும், படுக்கையில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். உங்கப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற அந்த நம்பரைத் தட்டி உள்ளே போய்ச் செய்வதுதான் முறை, போனில் விரலால் தேய்த்துச் செய்கிற காரியம் எல்லாம் ஒரு காரியமா என்று ஆரம்பித்தார். சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்கு அந்தச் சண்டை நடந்தது. கடைசியில் அவன் இரண்டுமே செய்தான். ஆப்பைத் தன் போனிலும் உன் போனிலும் போட்டான், அப்பாவுக்காகக் கம்ப்யூட்டர் வழியையும் திறந்து வைத்து, அதற்கு ரகசியச் சொல்லாக ‘அப்பா சொன்னால் சரி’ என்று இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடித்து வைத்தான். வீட்டிலிருந்த ஒவ்வொரு போனுக்கும் பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான். அப்பாவின் போன் எதிர்க்கட்சி, என்னுடையது உள்துறை, உன்னுடையது வாயாடி, நம் நெட்டையே நம்பிப் பிழைக்கிற எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் போன் ஊசி. அவன் போனுக்கு மட்டும் வீட்டு முதலாளி. மாதச் சம்பளத்தில் பாதியைச் சட்டைக்கும் செருப்புக்கும் கொட்டுகிற முதலாளி.

அவன் போன நாளை நான் இங்கே எழுதப் போவதில்லை. காய்ச்சல் என்று படுத்த பிள்ளை நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து படுத்தபடியே வீட்டுக்கு வந்தான், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கே போன வாரம்தான் அது புரிந்தது. உனக்கு விமான டிக்கெட் கிடைக்காமல் போனதால் உன் சித்தி தன் போனை உயரப் பிடித்துக்கொண்டு உனக்கு அவனைக் காட்டிக்கொண்டிருந்தாள். வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் நம் நெட்டில்தான் ஊருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. படம் நின்று நின்று போகிறது என்று நீ அந்தப் பக்கம் கத்தினாயாம், சித்தி சொன்னாள். சற்று நேரத்தில் ஒவ்வொருவருக்காக நெட் போனது. இழவு வீட்டில் இப்படியா என்று உன் பெரியப்பா மகன் வாசலில் நின்று முணுமுணுத்ததுகூட என் காதில் விழுந்தது. சித்தி போன் மட்டும் கடைசிவரை நன்றாக ஓடியது. நீதான் அங்கிருந்து ஆப்பைத் திறந்து ஒவ்வொருவரையாக வெளியே தள்ளியிருக்கிறாய், உன் தம்பியைத் தெளிவாகப் பார்க்க, பிறகு எல்லோரையும் திரும்ப உள்ளே விட்டுமிருக்கிறாய். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் மிச்சப் பேரையும் நானே தள்ளியிருப்பேன். தப்பில்லை அம்மாடி, அதற்காக உன் மனதில் ஏதாவது வைத்திருந்தால் இன்றே இறக்கி வைத்துவிடு.

அவன் போனை நாங்கள் அவன் அறையிலேயே கட்டிலின் மேல் சார்ஜில் போட்டு வைத்திருந்தோம். அதன் சிம்மை அப்பா புதுப்பிக்கவில்லை, அதனால் வீட்டு நெட் கிடைத்தால்தான் அதற்கு உயிர். அவன் கூட்டாளிகள் குழுவில் இன்னும் அவனை வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் ஏதாவது போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஒரு விசித்திரம். பகல் முழுக்க அந்த அறையில் சத்தமே இருக்காது, நானும் உள்ளே போவதில்லை. இருட்டுகிற நேரத்தில், நான் அடுப்படியில் நிற்கும்போது, திடீரென்று உள்ளேயிருந்து டிங் டிங் டிங் என்று வரிசையாக அடிக்கும். அவன் வேலை முடிந்து வருகிற நேரம் அது. பையை எறிந்துவிட்டுக் கட்டிலில் விழுந்ததும் அவன் போன் இப்படித்தான் அடிக்கும். ஒருநாள் நான் என்னையறியாமல், மொதல்ல கைகால கழுவிட்டு வா என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கும் அந்தச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கேட்காத மாதிரி டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்போம்.

அந்த நாட்களில்தான் நீயும் சரியாக அந்த நேரத்துக்கு எனக்குப் போன் செய்வாய். உனக்கு மதிய இடைவேளை என்று நினைத்துக்கொள்வேன். எடுத்ததும், என்ன சமையல் என்றுகூடக் கேட்காமல், “வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களாம்மா?” என்பாய். யாரும் வரவில்லையே, அப்பா மட்டும்தான் கடையிலிருந்து வந்தார் என்பேன். மறுநாளும் அதே கேள்வி. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, துக்கம் விசாரிக்க இன்னும் ஆட்கள் வந்து என்னை அழவைக்கிறார்களோ என்று நீ கவலைப்படுவதாக நினைத்தேன். ஒருநாள் உன் கேள்வி நின்றுவிட்டது. அதே நாளோ அதற்கு மறுநாளோ, அறைக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

சத்தம் வந்தபோது பயமாக இருந்தது உண்மை. வராமல் போனதும் அதைவிட மோசமாகிவிட்டது. இருட்டும்போது அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். குழாய் சொட்டுவது கேட்கும், எதிர்வீட்டுத் தையல் மெஷின் கேட்கும், அது மட்டும் கேட்காது. பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்ய. இரண்டு மூன்று வாரம் இப்படி ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் அப்பா சாப்பாட்டுப் பையோடு நேராக அடுப்படிக்கு வந்தார். பைக்குள் கையை விட்டு, டிபன் பாக்ஸை எடுக்காமல், சின்னவன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். இதுக்கு என்னமோ ஆயிடுச்சு, வீட்டுக்குள்ள வந்தாலும் எதையும் பிடிக்க மாட்டேங்குது என்றார். போன் அறையில் அல்லவா இருந்தது, உங்கள் பையில் எப்படி என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவன் வீட்ல அடைஞ்சு கெடக்குற புள்ளையா? வெளிய போயிட்டு வரட்டும்னுதான்.”

அவ்வளவுதான் சொன்னார். தினமும் காலையில் போனைச் சார்ஜிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பெயிண்ட் கடையில் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்து, சாயங்காலம் கொண்டுவந்து மறுபடி கட்டிலில் வைத்திருக்கிறார். வாசலுக்குள் நுழைந்து நம் நெட்டைப் பிடித்ததும் பகலெல்லாம் சேர்ந்திருந்த செய்திகள் ஒன்றாக வந்து அடிக்கும். அதுதான் அந்தச் சத்தம். எத்தனையோ வருஷமாகப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனுஷன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும்தான் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. யாரை யார் குறை சொல்வது.

போன் ரிப்பேர்க்காரரிடம் காட்டினோம். சுற்றியிருக்கிற கடைகளின் நெட் பெயரெல்லாம் இதன் திரையில் வருகிறது, அதனால் போனில் கோளாறு இல்லை, உங்கள் வீட்டுப் பெட்டியைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பிறகுதான் நெட்காரரைக் கூப்பிட்டோம். நீ பார்த்திருக்கிறாயே, ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டுவாரே, அவர். வந்ததும் ஆப் யார் போனில் இருக்கிறது என்று கேட்டார். ஒன்று இந்தப் போனில்தான், இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும் மகள் போனில் என்றேன். நோயாளியே வைத்தியர் என்றால் நான் என்ன செய்வது என்று சிரித்துவிட்டு, யாருடைய போன் என்று தெரிந்ததும் சிரித்ததற்காகச் சங்கடப்பட்டார். அப்புறம் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து, மேலே அந்த நம்பரைத் தட்டினார். ரகசியச் சொல் கேட்டது. அப்பாதான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அடித்து முடித்ததும் நெட்காரர் அதை மனதுக்குள் கூட்டிப் படித்திருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷன்.

உள்ளே போனதும் ஏகப்பட்ட பக்கங்கள். எங்கேயோ போய் எதையோ அழுத்தினார். தடுக்கப்பட்டவை என்று ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது, வீட்டு முதலாளி. யாரோ வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறார்கள், தானாக இப்படி ஆகாது என்றார். இங்கே நாங்கள் யாரும் தொடவில்லை என்று சொன்னதும், அப்படியானால் ஆப் வழியாக வெளியிலிருந்து செய்திருப்பார்கள் என்றார். வெளியில் அந்த ஆப் இருப்பது உன் போனில் மட்டும்தான். அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “தம்பிய வீட்ட விட்டுத் தள்ளிட்டாளா?” என்று கேட்டார். குரல் உயரவில்லை. உன்னைப் பற்றி உன் அப்பா அந்த மாதிரி ஒரு குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

நெட்காரர் பாவம், குடும்பச் சண்டைக்குள் வந்து மாட்டிக்கொண்டோமே என்று பேச்சை மாற்றத் தன் போனை எடுத்துக் காட்டினார். அவர் வீட்டுக்கும் இதே ஆப்தானாம். யாராவது வீட்டுக்குள் வந்து நெட்டைப் பிடித்ததும் இன்னார் இணைந்துள்ளார் என்று இவருக்குச் செய்தி வருமாம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டார்களா என்று வேலையிலிருந்தபடியே தெரிந்துகொள்வாராம். நல்ல வசதி என்றார். நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நீ வேலை பார்க்கிற அந்த முதியோர் இல்லத்தில், யாருக்கோ ஊட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நீ சாப்பிட உட்காருகிற நேரத்தில், உன் போனில் நாள் தவறாமல் வந்து விழுந்தது இதுதானே. வீட்டு முதலாளி இணைந்துள்ளார். யாராச்சும் வந்தாங்களாம்மா என்று நீ கேட்டபோது, அப்பா மட்டும்தான் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே. அம்மா, அவன் போன் ஏன் போகிறது, ஏன் வருகிறது என்று நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று கேட்கவில்லை, அப்படித்தானே.

தடுப்பை எடுக்க வேண்டிய இடத்தை நெட்காரர் காட்டினார், அப்பா அழுத்தினார். மேஜைமேல் இருந்த போன் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு அடிக்க ஆரம்பித்தது. முதலில் கூட்டாளிகள் குழு. அப்புறம் வாயாடி, அந்தப் போனுக்குள்ளும் உனக்கு அதே பெயர்தான். அதற்குக் கீழே வாயாடி. அதற்கும் கீழே வாயாடி. திரை கொள்ளாமல் உன் பெயர் மேலே மேலே ஏறிக்கொண்டே இருந்தது. எவ்வளவு என்று நான் எண்ணவில்லை. கண்ணில் பட்டது ஒரே ஒரு வரியின் ஆரம்பம்தான், ‘டேய் இன்னிக்கு’ என்று இருந்தது, அதற்குமேல் போகாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் போனைத் திறக்க எங்களுக்குத் தெரியும். திறக்கவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் லைனைக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முதல் பாடம், அதில் எனக்குக் கெட்ட பெயர் வந்ததே கிடையாது, சொந்த மகளிடமா வாங்கப் போகிறேன்.

நீ வாட்ஸப்பில் அவனுக்கு எழுதுவாய், ஒற்றை டிக்கோடு நிற்கும். அங்கே மதியமாகி இங்கே இருட்டியதும் அது இரட்டை டிக் ஆகும். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கே போய்ச் சேர்ந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது. இதை எழுதுவதற்குள் நானே பேனாவை இரண்டு முறை கீழே வைத்துவிட்டேன், நீ அதைத் தனியாக உட்கார்ந்து நாள்தோறும் பார்த்திருக்கிறாய். நீ அவனைத் தள்ளவில்லை. அந்த இரண்டாவது டிக்கைப் பார்க்க உன்னால் முடியவில்லை, அதற்காக எழுதுவதை நிறுத்தவும் முடியவில்லை. அப்பாவுக்கு நான் இவ்வளவு விளக்க வேண்டியிருக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “இவ்வளவு பேசியிருக்காளா அவன்கிட்ட” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. நெட்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அன்றைக்குத்தான் நான் உனக்குப் போன் செய்து, சின்னவன் போன் மறுபடி நெட்டில் வந்துவிட்டது, நாங்கள்தான் சரி செய்தோம், ஏதாவது வந்தால் பயந்துவிடாதே என்றேன். நீ சரிம்மா, வேலை இருக்கு என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மாவுக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

இனி என்ன செய்வது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன் நெட்காரர் பொறுமையாக விளக்கினார். ஆப் என்றால் சுலபம், யார் நுழைந்தாலும் சொல்லும், பாஷையும் புரியும், ஆனால் யார் கையில் அது இருக்கிறதோ அவர் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் நம் வீட்டுப் பெட்டியைத் தொடலாம். கம்ப்யூட்டர் வழி என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும், ஆனால் அதில்தான் எல்லாம் விவரமாக இருக்கும், அதைத் திறக்க இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாக வேண்டும், தானாக யாருக்கும் எந்தச் செய்தியும் அனுப்பாது. பெரும்பாலும் எல்லோரும் ஆப்தான் வைத்துக்கொள்கிறார்கள், உங்கள் போனிலும் போட்டுத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்கு ஒரு மெஷின் சொல்ல வேண்டாம். நம்பரைத் தட்டி உள்ளே போவதை இரண்டு முறை செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன், அப்பாவைவிட வேகமாகவே அடிக்கிறேன். ரகசியச் சொல்லை மாற்றச் சொன்னார். சரி என்று தலையாட்டினோம், மாற்றவில்லை.

மகள் பெயரை இங்கிருந்தே எடுத்துவிடலாம், எடுக்கட்டுமா என்றும் கேட்டார். அதற்கும் வேண்டாம் என்றேன். கேட்காமல் செய்தது போதும், நம் வீட்டில் எல்லோரும் கேட்காமலேயே ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்த ஆப்பை நீயே உன் போனிலிருந்து எடுத்துவிடுகிறாயா? முடியாது, அது இருந்தால்தான் வீடு கைக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றால் வைத்துக்கொள், அந்த அறிவிப்பை மட்டுமாவது நிறுத்திவிடு. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேள். இனி நான் யாரும் வரவில்லை என்று அசட்டையாகச் சொல்லமாட்டேன், என்ன நடக்கிறதோ அதை அப்படியே சொல்வேன்.

மறுநாள் காலை அப்பா கடைக்குக் கிளம்பும்போது பை இலகுவாக இருந்தது. போனை எடுக்கவில்லையா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, “அவ எழுதுற நேரத்துல அவன் வீட்ல இருக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து போன் கட்டிலிலேயேதான் இருக்கிறது. ஆகவே நீ எழுதினால் இனிமேல் காத்திருக்காமல் உடனே இரண்டாவது டிக் விழும். அது நீ நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை, நம் வீட்டில் கரண்ட் இருக்கிறது, பெட்டி ஓடுகிறது, நான் சார்ஜரை மறக்காமல் மாட்டியிருக்கிறேன் என்பதற்கு அடையாளம், அவ்வளவே. யாரோ திறந்து படித்ததாக அது நீலமாக மட்டும் என்றைக்கும் மாறாது. அதற்கு நான் பொறுப்பு. எழுதுவதை நிறுத்தவேண்டும் என்று உனக்கே தோன்றுகிற நாளில் நிறுத்து, யாருக்காகவும் நிறுத்தாதே. எனக்கு இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடத்தான் செய்கிறது. இருக்கட்டும். அது நீ பேசுகிற சத்தம் என்று தெரிந்த பிறகு டிவியைக் கூட்டுவதில்லை.

மற்றபடி, வேலைக்கு நடுவில் வேளாவேளைக்குச் சாப்பிடு. அடுத்தவர்களுக்கு ஊட்டுகிற கைக்குத் தன் வாய் மறந்துபோகும். உன்கூட அறையில் இருக்கிற பெண்ணிடம் தம்பியைப் பற்றி ஒருநாளாவது சொல், அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, புரிந்துகொள்வாள். குளிருக்கு நல்ல காலுறை வாங்கிக்கொள். தையல்காரம்மா உனக்கு ஒரு மேல்சட்டை தைத்து வைத்திருக்கிறாள், நெட்டுக்கு வாடகையாம். நீ எந்தத் தேசத்தில் எந்தக் கட்டிலில் கண்ணயர்ந்தாலும் நல்ல தூக்கம் உன்னைத் தேடி வரட்டும், நீ தொட்டுத் தூக்கிவிடுகிற அத்தனை வயதானவர்களின் வாழ்த்தும் உன்மேல் வந்து சேரட்டும், என் ஆயுளில் மிச்சமிருப்பதில் நல்லதெல்லாம் உனக்கு.

மறக்காமல் இதைச் செய். கடிதம் கைக்கு வந்ததும் எனக்கு வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை அனுப்பு. அன்றைக்கு அப்பா உன்னைக் கூப்பிடுவார், நான் கேட்டேன், சரி என்றிருக்கிறார். கூப்பிட்டுவிட்டு அவரால் பேச முடியாது, எனக்குத் தெரியும். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அந்தப் பக்கம் அவர் இருப்பார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு.

என்றும் உன்னை நினைத்தபடி இருக்கும்,
அம்மா